ரோமிங் நுழைவுச் சேவையகம்: வெளியூரிலும் நம் பெயரில் இணைவது எப்படி?

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
வலையமைப்பும் இணையமும்: மேலதிக விளக்கப் பாடம்



அப்புத்தளையில் எமது மாலை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து இவ்வாறு கேட்டாள்:

"சேர், எங்க அக்கா பதுளை கெம்பஸ்ல படிக்கிறாங்க. போன கிழமை பேராதனைக்குப் போனாங்களாம். அங்க போனதும் போன் தானாவே வைபைல சேர்ந்துருச்சாம். அப்ப அக்காவோட பாஸ்வேர்ட் பேராதனைக்கு எப்படித் தெரியும்?"

நல்ல வினா. விடை: பேராதனைக்கு அந்தக் கடவுச்சொல் தெரியாது, தெரியவும் கூடாது. தெரியாத ஒருவருக்கு எவ்வாறு வாசல் திறந்தார்கள் என்பதே இன்றைய பாடம். கணினி வலையமைப்பு, சேவையகம், ஆள்களப் பெயர், தரவுப் பாதுகாப்பு ஆகிய அலகுகளைப் படித்த பின் இதனை வாசித்தால் நன்கு விளங்கும்.

1. ரோமிங் என்ற தேவை எவ்வாறு வந்தது?

1990களில் இணையத்தில் இணைவதற்குத் தொலைபேசிக் கம்பியும் மொடெமும் தேவைப்பட்டன. பாவனையாளர் தமது இணையச் சேவை வழங்குநரின் தொலைபேசி இலக்கத்தை அழைத்து, பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே செல்வார். அவர் வேறொரு நாட்டுக்குச் சென்றால் என்ன செய்வது? தன் நாட்டு இலக்கத்துக்கு வெளிநாட்டு அழைப்பு எடுத்தால் கட்டணம் தாங்க முடியாது. சென்ற இடத்து நிறுவனத்தை அழைத்தால், "நீங்கள் எமது வாடிக்கையாளர் அல்லர்" என்று சொல்லிவிடும்.

இதற்குத் தீர்வாகச் சேவை வழங்குநர்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டனர். "உங்கள் ஆள் எங்கள் ஊருக்கு வந்தால் நாங்கள் வாசல் திறக்கிறோம், எங்கள் ஆள் உங்கள் ஊருக்கு வந்தால் நீங்கள் திறவுங்கள், மாத முடிவில் கணக்குப் பார்ப்போம்" என்பதே அந்த உடன்பாடு. ஐபாஸ், கிரிக் போன்ற நிறுவனங்கள் உலகெங்கும் உள்ள வழங்குநர்களை இவ்வாறு இணைத்தன.

வரைவிலக்கணம்: ஒருவர் தமது தாய் நிறுவனம் வழங்கிய பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு, வேறொரு நிறுவனத்தின் வலையமைப்பினூடாக இணைவது ரோமிங் நுழைவு எனப்படும். இந்த நுழைவைச் சரிபார்த்துத் தீர்மானிக்கும் கணினி ரோமிங் நுழைவுச் சேவையகம் ஆகும்.

2. சேவையகம் கேட்கும் மூன்று கேள்விகள்

(அ) நீ யார்? – அடையாளம் உறுதிப்படுத்தல்
(ஆ) உனக்கு என்ன அனுமதி உண்டு? – அனுமதி வழங்கல்
(இ) எவ்வளவு நேரம், எவ்வளவு தரவு பயன்படுத்தினாய்? – கணக்குப் பதிதல்

தோட்டத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது முதலாவது. இன்று எந்த மலை என்று சொல்வது இரண்டாவது. மாலையில் கொழுந்து நிறுத்துச் செக்ரோலில் பதிவது மூன்றாவது. மூன்றில் ஒன்று தவறினாலும் சம்பள நாளில் பிரச்சினை வரும். சேவையகத்திலும் அவ்வாறே.

இந்த மூன்று கேள்விகளையும் கேட்பதற்குக் கணினிகள் பயன்படுத்தும் பொதுவான நடப்பொழுங்கு ரேடியஸ் ஆகும். இதனை 1991இல் அமெரிக்காவின் லிவிங்ஸ்ரன் என்டர்பிரைசஸ் நிறுவனம் உருவாக்கியது. 1999இல் தொடங்கப்பட்ட ஃப்ரீரேடியஸ் என்னும் திறந்த மூல மென்பொருள் இன்றும் உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. கட்டணம் இல்லாத மென்பொருள் என்பதால் சிறிய நிறுவனமும் இதனை நிறுவலாம்.

3. துண்டும் ரோமிங்கும்: ஓர் ஒப்பீடு

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போவதற்குத் 'துண்டு' தேவைப்பட்டது. பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் கடிதமே துண்டு. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் உண்டு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்பது அதன் பொருள். புதிய தோட்டம் அந்த ஆளின் வாய்ச்சொல்லை நம்பவில்லை. பழைய தோட்டத்தின் எழுத்தை நம்பியது.

ரோமிங்கிலும் சென்ற இடம் வந்தவரின் வாய்ச்சொல்லை நம்புவதில்லை. தாய் நிறுவனத்தின் பதிலை நம்புகிறது. இதுவரை இரண்டும் ஒன்று. ஆனால் துண்டு முறை, தொழிலாளியைக் கடனால் கட்டிப்போட்டது. தோட்டம் மாற மாறக் கடனும் கூடவே சென்றது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ரோமிங் முறையோ ஒருவரைப் போக விடுவதற்காகவே அமைக்கப்பட்டது. மேலும், துண்டை ஆள் கையில் கொண்டுபோக வேண்டும். ரோமிங்கில் இரண்டு நிறுவனங்களின் சேவையகங்களும் நேரடியாகவோ இடைச் சேவையகம் மூலமாகவோ பேசிக்கொள்கின்றன.

4. நமது நாட்டு உதாரணம்: எடுரோம்

பல்கலைக்கழகங்களுக்கான ரோமிங் சேவை எடுரோம் எனப்படும். இதற்கான யோசனையை 2002இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா முன்வைத்தார். இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் இது உள்ளது. இலங்கையில் இதனை நடத்துவது லேர்ண் எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு ஆகும். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் லேர்ண் வலையமைப்பைச் சேர்ந்தவை. வணிக நிறுவனங்களின் ரோமிங்கில் மாத முடிவில் பணக் கணக்கு உண்டு. எடுரோமில் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. 'என் மாணவருக்கு நீ திற, உன் மாணவருக்கு நான் திறக்கிறேன்' என்ற கைமாற்றே அதன் அடிப்படை.

இனி அந்த அக்காவின் போனுக்கு வருவோம். அவரது பயனர் பெயரை, விளக்கத்துக்காகச் சுருக்கி, அக்கா@பதுளை என்று வைத்துக்கொள்வோம். @ குறிக்கு முன் இருப்பது ஆளின் பெயர். பின் இருப்பது ஆள்களம்; அதாவது தாய் வீட்டின் பெயர்.

படி 1: போன், பேராதனையிலுள்ள வைபை பெட்டியிடம் "அக்கா@பதுளை" என்று சொல்கிறது.
படி 2: வைபை பெட்டி தானாகத் தீர்மானிக்காது. பேராதனையின் ரேடியஸ் சேவையகத்துக்கு நுழைவுக் கோரிக்கையை அனுப்புகிறது.
படி 3: பேராதனைச் சேவையகம் @ குறிக்குப் பின்னுள்ளதை மட்டும் பார்க்கிறது. "பதுளை என்னுடைய ஆள்களம் அல்ல" என்று கண்டு, கோரிக்கையை லேர்ணின் தேசிய இடைச் சேவையகத்துக்கு அனுப்புகிறது.
படி 4: இடைச் சேவையகம் அதனைப் பதுளைக்கு அனுப்புகிறது. வெளிநாட்டு ஆள்களமாக இருந்தால் பிராந்திய மேல்நிலைச் சேவையகத்துக்கு அனுப்பும்.
படி 5: பதுளைச் சேவையகம் போனுக்குத் தன் டிஜிட்டல் சான்றிதழைக் காட்டுகிறது. போன் அதைச் சரிபார்த்த பின்பே, இருவருக்கும் இடையில் மறைகுறியாக்கப்பட்ட சுரங்கப்பாதை ஒன்று அமைகிறது. கடவுச்சொல் அதற்குள்ளே செல்கிறது.
படி 6: கடவுச்சொல் சரியானால் பதுளை 'ஏற்பு' என்றும், பிழையானால் 'மறுப்பு' என்றும் பதில் அனுப்புகிறது. பதில் வந்த வழியே திரும்பிப் பேராதனையை அடைகிறது.
படி 7: ஏற்பு வந்தால் வைபை பெட்டி வாசலைத் திறக்கிறது.

ஒஹியாவுக்கும் இதல்கஸ்ஹின்னைக்கும் இடையில் ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது மலையில் நிற்பவருக்கு அது தெரியாது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் மட்டுமே தெரியும். பேராதனையின் நிலையும் அதுவே. செய்திகள் போய் வருவதைக் காணும், கடவுச்சொல்லைக் காணாது. பழைய மொடெம் காலத்து ரோமிங்கில் பெரும்பாலும் இந்தச் சுரங்கம் இருக்கவில்லை. இடையிலுள்ள ஒவ்வொரு சேவையகமும் கடவுச்சொல்லைத் திறந்து, திரும்ப மூடி, அடுத்ததற்குக் கொடுத்தது. ஆகவே இடையில் ஒருவர் நேர்மையற்றவராக இருந்தாலே போதும், கடவுச்சொல் களவு போகும்.

5. நிறுவனம் ஒன்றில் இச்சேவையகத்தை அமைக்கும் ஒழுங்கு

(1) பயனர் தரவுத்தளம்: யார் யாருக்குக் கணக்கு உண்டு என்ற பட்டியல். இதுவே எல்லாவற்றுக்கும் அத்திவாரம்.
(2) வாசல்களின் பட்டியல்: எந்தெந்த வைபை பெட்டிகளும் சேவையகங்களும் கேள்வி கேட்கலாம் என்று அவற்றின் ஐ.பி. முகவரியுடன் பதிய வேண்டும். பட்டியலில் இல்லாதவருக்குச் சேவையகம் பதில் சொல்லாது.
(3) பகிர் இரகசியம்: கேட்பவரும் பதிலளிப்பவரும் மட்டும் அறிந்த நீண்ட சொற்றொடர். இது பயனரின் கடவுச்சொல் அன்று. இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்கான அடையாளம். ஒவ்வொரு இணைப்புக்கும் வெவ்வேறாக இருத்தல் நன்று.
(4) ஆள்கள அட்டவணை: நமது ஆள்களம் வந்தால் இங்கேயே சரிபார், வேறு வந்தால் இடைச் சேவையகத்துக்கு அனுப்பு, @ குறியே இல்லாவிட்டால் மறு. இந்த மூன்றாவது விதியை எழுத மறந்தால் குப்பைக் கோரிக்கைகள் எல்லாம் மேலே போகும்.
(5) துறை இலக்கங்கள்: நுழைவுக் கோரிக்கைக்கு 1812, கணக்குப் பதிவுக்கு 1813. இவற்றைத் தீச்சுவரில் திறக்க வேண்டும். அதுவும் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். 1645, 1646 என்பன பழைய இலக்கங்கள்.
(6) சான்றிதழ்: சேவையகத்துக்கு டிஜிட்டல் சான்றிதழ் பெற்று, அது முடிவடையும் திகதியை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.
(7) பரிசோதனை: சரியான கடவுச்சொல்லைக் கொடுத்து ஏற்பு வருகிறதா என்று பார்ப்பது பாதிப் பரிசோதனை. பிழையான கடவுச்சொல்லைக் கொடுத்து மறுப்பு வருகிறதா என்று பார்ப்பதே மீதிப் பாதி. பூட்டைச் சோதிப்பவர் திறப்பு இல்லாமலும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

6. அன்றாட நிருவாகம்

அமைப்பது சில நாள் வேலை. காப்பது ஆண்டு முழுவதும். நிருவாகியின் கடமைகள் வருமாறு:

• படிப்பு முடித்தவர், வேலையை விட்டவர் ஆகியோரின் கணக்குகளை உடன் நிறுத்துதல். பெயர் வெட்டாத செக்ரோல் மோசடிக்கு இடம் கொடுக்கும்.
• எல்லாச் சேவையகங்களின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு அமைத்தல். கடிகாரம் பிழைத்தால் பதிவேட்டில் எவர் எப்போது இணைந்தார் என்று சொல்ல முடியாது.
• பதிவேட்டைப் பாதுகாத்தல். கணக்குப் பதிவில் தொடக்கம், முடிவு என இரண்டு செய்திகள் முக்கியமானவை. முடிவுச் செய்தியில் இணைந்திருந்த நேரம் செக்கன்களில் இருக்கும்.
• ஒரு சேவையகம் நின்றாலும் வேலை நடக்க, இரண்டாவது சேவையகம் ஒன்றைத் தயாராக வைத்தல்.
• மென்பொருளைப் புதுப்பித்தல். 2024இல் ரேடியஸ் நடப்பொழுங்கில் 'பிளாஸ்ட் ரேடியஸ்' என்ற பலவீனம் வெளியாயிற்று. இடையில் நிற்பவர், சுரங்கம் இல்லாத இணைப்புகளில், மறுப்பை ஏற்பாக மாற்றக்கூடும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். முப்பது ஆண்டு பழைய ஒழுங்கிலும் ஓட்டை இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

குறை தேடும் முறை: 'மறுப்பு வருகிறது' என்பதும் 'பதிலே வரவில்லை' என்பதும் வெவ்வேறு நோய்கள். மறுப்பு வந்தால் பாதை பொதுவாகச் சரி. பெயரையோ கடவுச்சொல்லையோ கணக்கின் நிலையையோ பார்க்க வேண்டும். பதிலே வராவிட்டால் பாதையைப் பார்க்க வேண்டும்: தீச்சுவர் மூடியுள்ளதா, வாசல் பட்டியலில் முகவரி உண்டா, பகிர் இரகசியம் இரு பக்கமும் ஒன்றா என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

7. நாம் கவனிக்க வேண்டியவை

(அ) போலி வாசல். எவரும் தம் வைபை பெட்டிக்கு எடுரோம் என்று பெயர் வைக்கலாம். பெயரை நம்ப முடியாது. சான்றிதழையே நம்ப வேண்டும். போனில் இணைக்கும்போது 'சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்' என்ற தெரிவை அவசரத்தில் அழுத்தினால், கடவுச்சொல்லைப் போலி வாசலுக்கு நாமே கொடுத்ததாகும். தாய் நிறுவனம் தரும் அமைப்பு முறையின்படியே இணைக்க வேண்டும்.

(ஆ) இரவல் கடவுச்சொல். எமது வகுப்பில் படித்துப் பல்கலைக்கழகம் சென்ற ஒரு பெண், விடுதியில் தோழி கேட்டாள் என்பதற்காகத் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாள். தோழி அதனை இன்னொருவருக்குக் கொடுத்தாள். அந்த மூன்றாம் ஆள் எங்கோ செய்த தவறு பதிவேட்டில் இவளது பெயரில் இருந்தது. ஒப்படை கொடுக்க வேண்டிய கிழமையில் கணக்கு நிறுத்தப்பட்டது. "நான் செய்யல்ல சேர்" என்று போனில் அழுதாள். உண்மைதான், அவள் செய்யவில்லை. ஆனால் பதிவேட்டுக்கு முகம் தெரியாது, பெயர் மட்டுமே தெரியும். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளை அவள். விளக்கம் கொடுத்துக் கணக்கைத் திரும்பப் பெற இரண்டு கிழமைகள் சென்றன.

ரோமிங்கில் இது இன்னும் பெரிதாகும். வெளியூரில் நடந்த தவறுக்குச் சென்ற நிறுவனம் தாய் நிறுவனத்திடம்தான் கேட்கும். இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலுள்ள நம்பிக்கையின் மேல்தான் வாசல் திறக்கிறது. ஒருவரின் கவனயீனம், பின்னால் வரும் எல்லோருக்கும் அந்த வாசலை ஒடுக்கிவிடலாம்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது நமது பதுளை மாவட்டத்தில் சமிக்ஞை தேடி மலையேறிப் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். இணைப்பின் பெறுமதி நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனாலேயே, கிடைக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் அடையாள அட்டை போலக் காக்க வேண்டும்.

8. ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டியவை

• சரிபார்ப்பது தாய் நிறுவனம். வாசல் திறப்பது சென்ற நிறுவனம்.
• @ குறிக்குப் பின்னுள்ள ஆள்களமே கோரிக்கைக்கு வழி காட்டுகிறது.
• மூன்று பணிகள்: அடையாளம் உறுதிப்படுத்தல், அனுமதி வழங்கல், கணக்குப் பதிதல்.
• கடவுச்சொல் பயனருக்கும் தாய் நிறுவனத்துக்கும் உரியது. பகிர் இரகசியம் சேவையகங்களுக்கு உரியது.

9. மாதிரி வினாக்கள்

1. ரோமிங் கோரிக்கை எந்த நிறுவனத்துக்குச் செல்ல வேண்டும் என்று சேவையகம் அறிவது எதனால்?
(i) கடவுச்சொல் (ii) ஆள்களப் பெயர் (iii) போனின் வகை (iv) துறை இலக்கம்

2. முடிவுச் செய்தியில் இணைந்திருந்த நேரம் 8100 செக்கன் எனப் பதியப்பட்டுள்ளது. இது
(i) 1 மணி 35 நிமிடம் (ii) 2 மணி 5 நிமிடம் (iii) 2 மணி 15 நிமிடம் (iv) 8 மணி 10 நிமிடம்

3. புதிதாகப் பொருத்திய வைபை பெட்டி ஒன்றினூடாக எவராலும் இணைய முடியவில்லை. சேவையகத்திலிருந்து பதிலும் வரவில்லை. மற்றப் பெட்டிகள் வேலை செய்கின்றன. நிருவாகி முதலில் சோதிக்க வேண்டிய இரண்டு விடயங்களைக் கூறுக.

4. "பகிர் இரகசியமும் பயனரின் கடவுச்சொல்லும் ஒன்றே." இக்கூற்று சரியா? காரணம் தருக.

5. நண்பர் ஒருவர் உமது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு நாளைக்கு மட்டும் கேட்கிறார். கொடுக்காமைக்குக் கணக்குப் பதிதலுடன் தொடர்புடைய காரணம் ஒன்றை எழுதுக.

விடைகள்

1. (ii)
2. (iii) 8100 ÷ 60 = 135 நிமிடம்; அதாவது 2 மணி 15 நிமிடம்.
3. சேவையகத்தின் வாசல் பட்டியலில் அப்பெட்டியின் ஐ.பி. முகவரி உள்ளதா என்பது. இரு பக்கமும் பகிர் இரகசியம் ஒன்றா என்பது. மற்றப் பெட்டிகள் வேலை செய்வதால் சேவையகம் இயங்குகிறது என்பது தெளிவு.
4. பிழை. கடவுச்சொல் ஆளை அடையாளம் காட்டுகிறது. பகிர் இரகசியம் இரண்டு கணினிகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்திக்கொள்ள உதவுகிறது.
5. பதிவேட்டில் கணக்கு உரிமையாளரின் பெயரும் நேரமுமே பதியப்படும். ஆகவே மற்றவர் செய்யும் செயலுக்கும் உரிமையாளரே பொறுப்புக் கூற வேண்டிவரும்.

மூன்றாம் வினாவை மனப்பாடம் செய்யாமல், 6ஆம் பகுதியை மீண்டும் வாசித்துச் சொந்த வசனத்தில் எழுதிப் பாருங்கள். அக்காவின் போன் இணைந்த ஏழு படிகளையும் கொப்பியில் படமாக வரைந்து அம்புக்குறி இட்டால் பரீட்சை மண்டபத்தில் மறக்காது.